ஜிராண்டோனி காற்றுத் துப்பாக்கியை நேரில் பார்த்தவர்கள் உதவ முடியுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய துப்பாக்கிகளில் என் மனத்தை முழுவதுமாகப் பறித்துக்கொண்டது ஜிராண்டோனி காற்றுத் துப்பாக்கி. வெடிமருந்தே இல்லாமல் ஆஸ்திரியப் படை இதைப் பயன்படுத்தியது 1780களில் என்றால் நம்ப முடிகிறதா? தோளில் ஊன்றும் பின்கட்டையே அழுத்தக் காற்றை அடைத்துவைக்கும் கலம். அதை நிரப்பக் கைப்பம்பை ஏறத்தாழ 1,500 முறை அடிக்க வேண்டும். புகை வராது. ஆய்வுப் பயணிகளான லூயிஸும் கிளார்க்கும் அமெரிக்காவின் மேற்கே பயணம் போனபோது கொண்டு சென்றதும் இந்த வகைதான் என்று கருதப்படுகிறது.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக, சுடும் திறன் இல்லாத மரமாதிரி ஒன்றைச் செய்கிறேன். சிக்கல் ஓர் இடத்தில்தான். குழலின் பக்கவாட்டில் சுமார் 20 குண்டுகள் கொள்ளும் நீளமான குழாய் இருக்கிறது. துப்பாக்கியின் முனையை உயர்த்தினால் குண்டுகள் தாமாகவே பின்னோக்கி உருண்டு வரும். குறுக்கே நகரும் ஒரு சிறு கட்டையைத் தள்ளினால் ஒரு குண்டு அதன் துளையில் விழும், விட்டவுடன் ஒரு வில் (ஸ்பிரிங்) கட்டையைக் குழலுக்கு நேராகக் கொண்டுவந்துவிடும். எவ்வளவு அழகான யோசனை! ஆனால் அந்த வில் எங்கே, எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பது எனக்குக் கிடைத்த படங்கள் எதிலும் தெளிவாக இல்லை.

வியன்னா ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்துக்கோ இத்துப்பாக்கி உள்ள வேறு அருங்காட்சியகத்துக்கோ போனவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா? அந்தப் பகுதியை இரு பக்கங்களிலிருந்தும் எடுத்த படம் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். கையால் வரைந்த படம் போதும். அளவுகள் சற்று முன்பின்னாக இருந்தாலும் பரவாயில்லை.