மனநல மாத்திரை ஆரம்பிச்சதும் பீரியட்ஸ் நின்னவங்க இருக்கீங்களா?

பெயர் வேண்டாம், மதுரை
ரிஸ்பெரிடோன் மாத்திரை ஆரம்பிச்ச மூணு மாசத்துல காதுல கேட்ட குரல் அடங்கிருச்சு. கூடவே பீரியட்ஸும் நின்னுருச்சு. வயசு 26, கல்யாணம் ஆகலை. எங்க வீட்டுல காலண்டர்ல தேதி குறிக்கிறது அம்மாதான். ஒருநாள் கதவைச் சாத்திட்டு, "நாள் தள்ளிப் போயிருக்கே, உண்மையைச் சொல்லுடி"ன்னாங்க. மெடிக்கல்ல கிட் வாங்கி, ஒத்தைக் கோடு வந்தப்புறம்தான் என் முகத்தைப் பார்த்துப் பேசினாங்க.

அடுத்த வாரம் குளிக்கும்போது மார்புல பால் மாதிரி கசிஞ்சது. அதை யார்கிட்ட சொல்ல? கர்சீஃபை மடிச்சு உள்ள வச்சுக்கிட்டு ஆபீஸ் போனேன். மாத்திரையை நானே நிறுத்தினேன். பத்தே நாள்ல தூக்கம் போச்சு, குரல் திரும்பி வந்துச்சு. தயவுசெஞ்சு யாரும் அப்படிப் பண்ணாதீங்க.

டாக்டர் ஒவ்வொரு தடவையும் தூக்கம், சாப்பாடு பத்திதான் கேட்பாரு. பக்கத்துல அப்பா உட்கார்ந்திருக்க, நானா எப்படி இதை எடுக்கிறது? கடைசியில ஒரு லேடி டாக்டர் அப்பாவை வெளிய அனுப்பிட்டுக் கேட்டாங்க. ரத்தத்துல ப்ரோலாக்டின் 96. லேப் தாள்ல நார்மல் 25 வரைக்கும்தான். பால் சுரக்க வைக்கிற அந்த ஹார்மோனை மூளையில இருக்கிற டோபமைன்ங்கிற ரசாயனம்தான் அடக்கி வைக்குமாம். மாத்திரை டோபமைனைத் தடுக்க, இது ஏறிடுது. கருமுட்டை வர்றதும் நின்னுடுது. அரிபிப்ரசோல்னு வேற மாத்திரை சேர்த்து, பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சாங்க. ஏழாவது வாரம் வயித்துவலியோட பீரியட்ஸ் வந்துச்சு. அன்னிக்கு அந்த வலி பிடிச்சிருந்துச்சுன்னா நம்புவீங்களா!

சேலத்துக்காரி
எனக்கு அமிசல்பிரைடுன்னு இன்னொரு மனநல மாத்திரை. பீரியட்ஸ் நின்னதுக்கு ஒரு வருஷம் பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி)ன்னு வைத்தியம் பார்த்தேன். மகப்பேறு டாக்டரைக் குத்தம் சொல்ல முடியாது. மாமியார் கூட வந்ததால மனநல மாத்திரைச் சீட்டை நான் காட்டவே இல்லை.

ரெண்டு பிள்ளைக்காரி
மாத்திரை மாத்துறவங்க ஒண்ணு கவனிங்க. பீரியட்ஸ் திரும்புறதுக்கு முன்னாடியே கருமுட்டை வந்துடும். "இன்னும்தான் வரலையே"ன்னு அசால்ட்டா இருந்தேன். என் சின்னவன் அப்படி வந்தவன்தான். 😄

பெயர் வேண்டாம், மதுரை
ஐயோ அக்கா! சரி, நாலஞ்சு வருஷம் இப்படி நின்னு போனவங்க யாராவது எலும்பு ஸ்கேன் எடுத்தீங்களா? ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன் குறைஞ்சா எலும்பு தேயும்னு சொன்னாங்க. அம்மாவே கேட்கச் சொன்னாங்க.