பழைய முருகன் சிலையில் பச்சைப் பொடி: புளியா, மருந்தா?

சாட்ஸ்வர்த் மகள்: ஒப்பந்தக் கூலியாக டர்பனுக்குக் கப்பலேறிய கொள்ளுத்தாத்தா மடியில் கட்டிவந்த வெண்கல முருகன், சாண் உயரம். கோடை மழை தொடங்கியதும் வேல் பிடித்த கையோரம் வெளிர்பச்சைப் பொடி கிளம்புகிறது. துடைத்தாலும் திரும்ப வருகிறது, அடியில் சின்னக் குழிகள். அருங்காட்சியகங்களில் செம்பு அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் என்ற ரசாயனத்தைப் பூசுவார்களாம். தொட்டுக் கும்பிடும் சாமிக்கு நஞ்சு வேண்டாம். இயற்கையாக ஏதாவது உண்டா?

காவடிப் பிள்ளை: புளி இருக்கிறதே அக்கா! தைப்பூசத்துக்கு முன்னால் கோவில் விளக்கையெல்லாம் புளியும் சாம்பலும் போட்டுத்தான் தேய்க்கிறோம். அப்புறம் தேங்காயெண்ணெய் தடவினால் போதும்.

உலைக்களம்: தயவுசெய்து வேண்டாம். விளக்கு தேய்ப்பதற்கென்றே இருப்பது. பழைய சிலைக்கு அந்தக் கரும்பழுப்புப் படலமே கவசம். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அதையும் கரைத்துவிடும். வந்திருப்பது சாதாரணக் களிம்பும் அல்ல, வெண்கல நோய். உப்புக்காற்றிலிருந்தும் இளநீர் அபிஷேகத்திலிருந்தும் உள்ளே போன குளோரைடு, ஈரம் பட்டால் அமிலமாகிச் செம்பை அரிக்கும். அரித்ததும் அந்தக் குளோரைடு தீர்வதில்லை, மறுபடி வேலை செய்யும். எண்ணெயும் உதவாது. கொழுப்பமிலம் செம்போடு சேர்ந்து பச்சைப் பிசுக்காகும்.

கடுக்காய்: இயற்கை என்றால் சமையலறை மட்டும்தானா? நம் முடியிலேயே இருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகம் செம்பைப் பிடித்துக்கொள்ளும். பென்சோட்ரையசோலுக்கு மாற்றாக அதை ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். இரும்புக்கு என்றால் கடுக்காய்த் துவர்ப்பிலுள்ள டானிக் அமிலம். தாத்தா கரும்பு வெட்டிய கத்தியில் நானே பூசினேன். துரு கருநீலப் படலமாக மாறி, நாலு வருடமாக அப்படியே நிற்கிறது. வெண்கலத்துக்கு அதைச் சொல்லமாட்டேன்.

உலைக்களம்: சிஸ்டீனால் படலத்தின் நிறம் மாறலாம். பென்சோட்ரையசோல் 1960களிலிருந்து கையாண்டு பார்த்தது. பூசி, மேலே மெழுகிட்டால் விரல் படாது. இயற்கை என்ற ஒரு சொல்லுக்காகக் குடும்பச் சிலையில் சோதனை செய்யலாமா?

காவடிப் பிள்ளை: அபிஷேகத்தில் அந்த மெழுகு எத்தனை நாள் நிற்கும் அண்ணா? தீர்த்தத்தைக் குழந்தைகள் குடிக்கிறார்களே!

உலைக்களம்: தீர்த்தத்தை நான் யோசிக்கவில்லை தம்பி. அபிஷேகம் நடக்கும் சிலைக்கு அந்த மருந்து கூடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அபிஷேகம் தொடர்ந்தால் சிஸ்டீனும் காப்பாற்றாது. நோய்க்குத் தேவை ஈரம். மூடிய பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளைப் போட்டுக் காற்றின் ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே வையுங்கள். எதையும் பூசவே வேண்டாம். நீல மணிகளில் நச்சுள்ள கோபால்ட் உப்பு இருக்கும், ஆரஞ்சு நிற மணிகளாகப் பார்த்து வாங்குங்கள்.

காவடிப் பிள்ளை: சாமியைப் பெட்டியில் பூட்டுவதா? எனக்கு மனசு வரவில்லை.

கடுக்காய்: முன்பக்கம் கண்ணாடி வைத்தால் தரிசனத்துக்கு என்ன குறை? அபிஷேகத்தைத் தனியாக ஒரு வேல் வைத்து அதற்குச் செய்யலாமே.

சாட்ஸ்வர்த் மகள்: அம்மாவிடம் படித்துக் காட்டினேன். புது வேல் வாங்கச் சம்மதித்துவிட்டார். ஆனால் கிருத்திகையன்று முருகனை வெளியே எடுத்து, பூ மட்டும் சாத்த வேண்டுமாம். ஒரு மணி நேரம் வெளியே இருந்தால் பரவாயில்லையா அண்ணா?

உலைக்களம்: தாராளமாக. பூவில் தண்ணீர் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.