பைலட் சுடர் நிற்கவே மாட்டேன் என்கிறது

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் பழைய வீடு. வரவேற்பறையில் உள்ள கேஸ் கணப்பின் குமிழை அழுத்திப் பிடித்தால் பைலட் சுடர் (கணப்பைப் பற்றவைக்கும் சிறு சுடர்) எரிகிறது. கையை எடுத்ததும் அணைந்துவிடுகிறது. 30 நொடி பிடித்தும் பயனில்லை. அம்மாவுக்கு 78 வயது, குளிர் தாங்கமாட்டார். என்ன செய்யலாம்?

பதில் 1: தெர்மோகப்பிள் என்னும் வெப்ப உணரி பழுதாகியிருக்கலாம். அதன் முனை சுடரில் சூடேறிச் சில மில்லிவோல்ட் மின்சாரம் தந்தால்தான் கேஸ் வால்வு திறந்து நிற்கும்.

பதில் 2: அண்ணா, முதலில் சுடரின் நிறத்தைப் பாருங்கள். எங்கள் வீட்டிலும் இதே கோளாறுதான். பைலட்டின் காற்றுத் துளையில் தூசியும் பூனை முடியும் அடைத்து, நீலச் சுடர் மஞ்சளாகத் துவண்டு, முனையைத் தொடாமலே ஆடிக்கொண்டிருந்தது. சுத்தம் செய்ததும் சரியாகிவிட்டது. ஆனால் பல கணப்புகளில், அறையில் பிராணவாயு குறைந்தால் பைலட் தானாகவே அணையும். புகைபோக்கி அடைத்திருந்தாலும் அப்படி நேரலாம். ஆகவே மீண்டும் மீண்டும் பற்றவைக்காதீர்கள், நீங்களே கழற்றவும் வேண்டாம். கேஸ் சேஃப் (பிரிட்டனில் கேஸ் பொறியாளர்களுக்கான அதிகாரப்பூர்வப் பதிவேடு) பதிவு பெற்றவரை அழையுங்கள். அவருடைய அட்டையின் பின்புறத்தில் கணப்பு வேலைக்குத் தகுதி உண்டா என்றும் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவை உணரும் அலாரம் இருக்கிறதா?

கேட்டவர்: டார்ச் அடித்துப் பார்த்தேன், மஞ்சள்தான். குமிழை மூடிவிட்டேன். அலாரம் இல்லை, இன்றே வாங்குகிறேன். அம்மா அறையில் மின் ஹீட்டர் வைத்திருக்கிறேன். நாளைக் காலை பொறியாளர் வருகிறார்.