கோடாலித் தைலம் இல்லாமல் எம்ஆர்டியில்

போன வருடம் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் ஜூரோங் ஈஸ்ட்டில் ஏறி கிளமெண்டி வருவதற்குள் நெஞ்சு அடைத்து, கை மரத்துப்போய், அவ்வளவுதான் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவசரப் பிரிவுக்கு இரண்டு தடவை ஓடினேன். இரண்டு தடவையும் இசிஜி சரி. கடைசியில் பாலிகிளினிக் டாக்டர்தான் "பேனிக் அட்டாக்", அதாவது திடீரென்று வரும் கடும் பதற்றம் என்று சொல்லி, அரசாங்க மருத்துவமனை உளவியலாளருக்குக் கடிதம் கொடுத்தார். (அந்தக் கடிதத்தோடு போனால்தான் சலுகைக் கட்டணம்.) அம்மா கேட்ட ஒரே கேள்வி: "உட்பிரிட்ஜுக்கா போறே?" அந்த மனநல மருத்துவமனைக்குப் பேர் மாறி எத்தனை காலமாச்சு!

உளவியலாளர் தமிழ்ப் பெண், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். "என்னம்மா படிச்சீங்க?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். கோபப்படவில்லை. உளவியலில் பட்டம், மருத்துவ உளவியலில் முதுகலை, படிக்கும்போதே மூத்தவர் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்த பயிற்சி என்று சொன்னார். மருந்து எழுத மாட்டாராம், அது மனநல மருத்துவர் வேலை.

அவர் செய்வது சிபிடி, அதாவது நினைப்பையும் நடத்தையையும் மாற்றிப் பழக்கும் பேச்சு சிகிச்சை. 1960களில் ஆரோன் பெக் மனச்சோர்வுக்காக உருவாக்கியது, பிறகு பதற்றத்துக்கும் வந்ததாம். காகிதத்தில் ஒரு வட்டம் போட்டார்: நெஞ்சு படபடக்கிறது, மாரடைப்பு என்று நினைக்கிறேன், பயம் வருகிறது, இன்னும் படபடக்கிறது. அப்புறம் என்னைச் சுழல்நாற்காலியில் உட்காரவைத்து ஒரு நிமிடம் சுற்றச் சொன்னார்! தலை கிறுகிறுத்து, வேர்த்து, அதே படபடப்பு. "இப்ப செத்துருவோம்னு தோணுதா?" தோன்றவில்லை. நாற்காலி சுற்றியதால் என்று தெரியுமே. அவர் ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது தைலம்தான். ரயிலில் கதவோரம் நின்று, பையில் கோடாலித் தைலத்தைப் பிடித்துக்கொண்டேதான் போவேன். அதை வீட்டில் வைத்துவிட்டு ஒரு ஸ்டேஷன் போய் வரச் சொன்னார். தைலம்தான் காப்பாற்றுகிறது என்று நினைக்கும்வரை பயம் போகாதாம். போன வாரம் காமன்வெல்த் வரை போனேன். டோவரில் படபடத்தது. இறங்கவில்லை.

பதில் (உட்லண்ட்ஸ் அக்கா):
தம்பி, எனக்கு அந்த வட்டமெல்லாம் ஒத்துவரவில்லை. அப்பா போன துக்கத்துக்குப் பயிற்சித்தாளைக் கொடுத்தால் என்ன செய்வது? மூன்றாவது சந்திப்பில் என் உளவியலாளரிடம் நேராகவே சொன்னேன். தாளை எடுத்து வைத்துவிட்டு, "அப்பாவைப் பத்திச் சொல்லுங்க" என்றார். அன்றைக்கு ஒரு மணி நேரமும் அப்பா போடும் கோப்பி பற்றித்தான் பேசினேன்.