தக்காளிக் கருகலுக்கு கார்பன்டாசிம் ஏன் கேக்கல?

பாலக்கோட்டுக்காரி:
போன வாரம் பூரா மூட்டம், தூறல். தக்காளி இலை ஓரத்துல இருந்து கருகிட்டே வருது, விடிகாலைல பாத்தா இலைக்கு அடியில வெள்ளையா பூத்திருக்கு. வீட்டுக்காரர் கார்பன்டாசிம்னு பூஞ்சை மருந்து அடிச்சார், நிக்கல. மருந்துக்கடையில கேட்டா, "இது அசல் பூஞ்சையே இல்லைம்மா, சுவரே வேற"ன்னு டைமெத்தோமார்ஃப் எடுத்துக் குடுக்கறாங்க. பூஞ்சைக்கு ஏதுங்க சுவரு? நிஜமா, இல்ல வெல கூடுனத தலையில கட்டறாங்களா?

ராயக்கோட்டை மருந்துக்கடை:
நிஜம்தான் அக்கா. மைக்ரோபயாலஜி படிச்சுட்டு நானும் மருந்துக்கடையிலதான் உக்காந்திருக்கேன். இதைக் கேக்க ஆள் சிக்கறது அபூர்வம், கொஞ்சம் நீட்டிடறேன்.

பூஞ்சை செல்லைச் சுத்தி மெல்லிசா ஒரு சவ்வு, அதுக்கு வெளியதான் சுவர். முக்கிய சரக்கு ரெண்டு: இறால் ஓட்டுல இருக்கற அதே கைட்டின், அப்புறம் பீட்டா குளுக்கான். ரெண்டுமே சர்க்கரைச் சங்கிலி. உள்ள முழுசா செஞ்சு வெளிய தூக்கி வைக்கறதில்ல. சவ்வுலயே பதிஞ்சிருக்கற என்சைம், உள்பக்கம் இருக்கற சர்க்கரையை ஒண்ணொண்ணா கோத்து, நீள நீளச் சங்கிலியை வெளிய தள்ளிட்டே இருக்கும். வெளிய வந்த கைட்டின் இழைங்க பக்கத்துல பக்கத்துல ஒட்டிக் கெட்டிப்படும். அங்க இருக்கற வேற என்சைம்ங்க குளுக்கானை வெட்டி, கைட்டினோட சேத்துப் பிணைக்கும். சுவர்ப் புரதம் மட்டும் உள்ளயே தயாராகி, குட்டிக் குட்டிப் பைங்கள்ல வெளிய வரும்.

பூஞ்சை உடம்பு நூல் நூலா இருக்கும், அந்த நூல் வளர்றது நுனியில மட்டும். அந்தப் பைங்க நுனியில குவிஞ்சு மைக்ரோஸ்கோப்ல கறுப்புப் பொட்டாத் தெரியும். ஸ்பிட்சென்கோர்ப்பர்னு 1924ல புருன்ஸ்விக்ங்கற ஆராய்ச்சியாளர் வச்ச பேரு. நுனிச் சுவர் இளசு, உள்ள இருக்கற தண்ணி அழுத்தம் அதைத் தள்ளி நீட்டும். பின்னால போகப்போகப் பிணைப்பு கூடி இறுகிடும். இறுக லேட்டானா நுனி வெடிச்சுரும், முந்தினா வளர்ச்சி நின்னுரும்.

உங்க தோட்டத்துல இருக்கறது ஃபைட்டோப்தோரா. பாக்கத்தான் பூஞ்சை, சொந்தபந்தம் எல்லாம் பழுப்புப் பாசி. சுவர்ல கைட்டினுக்குப் பதிலா செல்லுலோஸ். அந்த செல்லுலோஸ் உருவாகறதைத்தான் டைமெத்தோமார்ஃப் கெடுக்குது. கார்பன்டாசிம் சுவர்ப் பக்கமே போறதில்ல. செல் பிரியறதுக்கு வேணுங்கற டியூபுலின்ங்கற புரதத்தைப் புடிக்கற மருந்து அது, ஃபைட்டோப்தோராவோட டியூபுலின் அதுக்குச் சிக்காது. இது தெரிஞ்சும் எந்தக் கருகலுக்கும் அந்த ஒரே பாக்கெட்டைத் தூக்கிக் குடுக்கறவங்களப் பாத்தா எரிச்சலா வருது.

பென்னாகரம் ராகி:
தம்பி, ராகி குலைநோய்க்கு எங்க பக்கம் ட்ரைசைக்ளசோல் அடிக்கறோம். அதுவும் சுவர் மருந்தா?

ராயக்கோட்டை மருந்துக்கடை:
ஒரு வகையில ஆமாண்ணா. அந்தப் பூஞ்சை இலை மேல உருண்டையா ஒரு செல் கட்டி, அதோட சுவர்ல மெலனின்ங்கற கறுப்பு நிறமியை ஏத்தும். மெலனின் இருந்தாத்தான் உள்ள அழுத்தம் தங்கும். நெல் குலைநோய்ப் பூஞ்சையில 80 பார் வரைக்கும் கணக்குப் பண்ணியிருக்காங்க, லாரி டயர் காத்தைப் போல பத்து மடங்கு. அந்த வேகத்துலதான் இலையைக் குத்தி உள்ள நுழையுது. ட்ரைசைக்ளசோல் மெலனினைத் தடுக்கறதால குத்த முடியாமப் போயிரும். உள்ள நுழைஞ்சப்புறம் அடிச்சுப் பெருசா பிரயோஜனமில்ல.

பாலக்கோட்டுக்காரி:
சரி தம்பி, வாங்கிட்டேன். பக்கத்துத் தோட்டத்துல மேன்கோசெப்பும் கலந்துதான் அடிக்கறாங்க. கலக்கலாமா?

ராயக்கோட்டை மருந்துக்கடை:
கலக்கலாம் அக்கா. மேன்கோசெப் கிருமியோட செல்லுல ஒரே இடத்தை மட்டும் தாக்கற மருந்தில்ல, அதனால அதை எதிர்த்து நிக்கற சக்தி கிருமிக்குச் சீக்கிரம் வராது. இலை அடிப்பக்கம் நனையணும். அடுத்த தடவை வேற வகை மருந்துக்கு மாத்திருங்க. அடிச்சு எத்தனை நாள் கழிச்சுப் பழம் பறிக்கலாம்னு லேபிள்ல போட்டிருக்கும், அதைப் பாத்துட்டு மண்டிக்கு அனுப்புங்க.