சோனி கேமராவின் 4கே காட்சிகள் தடுமாறுகின்றன: பிராசஸரை மாற்றினால் தீருமா?

கேள்வி (ஈசூன்)

அனைவருக்கும் வணக்கம். வார இறுதிகளில் திருமணங்களைப் படம்பிடித்துத் தொகுத்துக் கொடுக்கிறேன். என் கணினியில் இன்டெல் ஐ5-12400எஃப் பிராசஸர், பி660 மதர்போர்டு, 32 ஜிபி ரேம், என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 ஆகியவை உள்ளன. கைபேசியில் எடுத்த 4கே காட்சிகள், நான் தொகுக்கப் பயன்படுத்தும் பிரீமியர் புரோ மென்பொருளில் தங்குதடையின்றி ஓடுகின்றன. ஆனால் சோனி ஏ7 மார்க் 4 கேமராவில் எடுத்தவை திக்கித் திக்கி நிற்கின்றன. தாலி கட்டும் நேரத்தை மூன்று கோணங்களில் ஒருசேர வைத்துப் பார்க்கவே முடியவில்லை. அப்போது பிராசஸர் 100 விழுக்காட்டைத் தொடுகிறது. கடைக்காரர் ஒருவர் ஐ9-14900கேஎஃப் வாங்கச் சொல்கிறார். என்னிடம் 800 வெள்ளிதான் உள்ளது. மூன்று வாரத்தில் மணமக்கள் வீட்டாருக்குக் காணொளியைக் கொடுத்தாக வேண்டும். தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி (உட்லண்ட்ஸ்)

வணக்கம் தம்பி. பணத்தைச் செலவழிப்பதற்கு முன் இரண்டு விவரங்கள் தேவை. கேமராவில் எந்தப் பதிவு முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்? அந்தக் காட்சி ஓடும்போது, டாஸ்க் மேனேஜரில் கிராஃபிக்ஸ் கார்டின் ‘வீடியோ டிகோட்’ (சுருக்கிய காணொளியை விரிக்கும் வேலை) வரைபடம் உயர்கிறதா?

கேட்டவர்

எக்ஸ்ஏவிசி எச்எஸ், 4:2:2, 10 பிட். சோனி காட்சிக்கு அந்த வரைபடம் பூஜ்யத்தைவிட்டு எழவே இல்லை, அண்ணா. கைபேசிக் காட்சிக்கு மட்டும் உயர்கிறது.

மறுமொழி (உட்லண்ட்ஸ்)

அப்படியானால் குறை பிராசஸரின் வேகத்தில் இல்லை. எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்பது எச்.265 முறையில் இறுகச் சுருக்கிய கோப்பு. ஒரு சட்டகத்தைக் காட்டவே அதன் முன்பின் சட்டகங்களையும் விரிக்க வேண்டியிருக்கும். இந்த வேலைக்கென்றே கிராஃபிக்ஸ் சில்லுகளில் தனிப் பகுதி உண்டு. கைபேசிக் காட்சிகள் பெரும்பாலும் 4:2:0 (நிறத் தகவலைக் குறைத்துப் பதியும் முறை) என்பதால் உங்கள் ஆர்டிஎக்ஸ் 3060 அவற்றை எளிதாக விரித்துவிடுகிறது. 4:2:2வில் நிறத் தகவல் அதைப்போல் இரு மடங்கு. என்விடியா அட்டைகளுக்கு அதை விரிக்கும் திறன் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் கிடைத்தது. ஆகவே முழுச் சுமையும் பிராசஸரின் தலையில் விழுகிறது.

இன்டெல் பிராசஸர்களுக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதி, 11ஆம் தலைமுறை முதல் எச்.265 4:2:2வை ‘குவிக் சிங்க்’ என்ற காணொளி வசதி வழியாக விரிக்கிறது. உங்கள் பிராசஸரின் பெயரில் கடைசியாக நிற்கும் ‘எஃப்’ என்ற எழுத்துக்கு, அந்தக் கிராஃபிக்ஸ் பகுதி இல்லை என்பதே பொருள். கடைக்காரர் சொன்ன 14900கேஎஃப் பிராசஸரிலும் அதே ‘எஃப்’ இருக்கிறது! 24 கோர்களின் பலத்தால் ஓரளவு முன்னேற்றம் தெரியலாம். ஆனால் 253 வாட் வரை மின்சாரம் இழுத்து, செய்ய வேண்டாத வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

என் பரிந்துரை ஐ7-12700. ‘எஃப்’ இல்லாததையே கேட்டு வாங்குங்கள். 12 கோர்கள் உள்ளன, உங்கள் மதர்போர்டிலேயே பொருந்தும். அதன் யூஎச்டி 770 கிராஃபிக்ஸில் காணொளி விரிக்கும் பொறிகள் இரண்டு உண்டு.

மறுமொழி (தெம்பனிஸ்)

மேலே சொன்னதை முழுமையாக ஆதரிக்கிறேன். 13, 14ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸர்களில், பிறர் பயன்படுத்தியதை வாங்குவதைத் தவிருங்கள். அவற்றில் பல, மின்னழுத்தக் கோளாறால் நிலைகுலைந்தன. இன்டெல் 2024 ஆகஸ்டு முதல் மைக்ரோகோட் (பிராசஸரின் உள் மென்பொருள்) திருத்தங்களை வெளியிட்டாலும், ஏற்கெனவே பழுதான சில்லை அவை சரிசெய்வதில்லை.

12700 உச்சத்தில் 180 வாட் வரை போகும். நம் வீவக வீடுகளில் குளிரூட்டி இல்லாத அறை வெப்பமாகவே இருக்கும் என்பதால், பெட்டியோடு வரும் விசிறியை நம்பாமல் நல்ல கூலர் ஒன்றுக்கும் பணம் ஒதுக்குங்கள்.

பலர் தவறவிடும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும்போது பல மதர்போர்டுகள் உள் கிராஃபிக்ஸை அணைத்துவிடும். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டு அமைப்பு) அதை இயக்கி, இன்டெல் டிரைவரை நிறுவி, பிரீமியரின் மீடியா அமைப்பில் இன்டெல் வழி டிகோடைத் தேர்ந்தெடுத்து, மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். திரையின் கம்பி ஆர்டிஎக்ஸ் அட்டையிலேயே இருக்கலாம்.

கேட்டவர்

நேற்று சிம் லிம் ஸ்குவேரில் 12700ஐயும் கூலரையும் வாங்கிப் பொருத்தினேன். பயாஸில் உள் கிராஃபிக்ஸ் அணைந்துதான் இருந்தது. இயக்கிய பிறகு மூன்று கோணங்களும் ஒன்றாக ஓடுகின்றன. கூறைப் புடவையின் சிவப்பைத் திருத்தும்போதுகூடத் தடங்கல் இல்லை. இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆனால் துணை ஒளிப்பதிவாளர் எக்ஸ்ஏவிசி எஸ் முறையில் எடுத்தவை மட்டும் இன்னும் தடுமாறுகின்றன.

மறுமொழி (உட்லண்ட்ஸ்)

அவை எச்.264 4:2:2. அதை இந்த இன்டெல் கிராஃபிக்ஸும் விரிக்காது. அந்தக் கோப்புகளுக்கு மட்டும் பிரீமியரில் புரோரெஸ் பிராக்ஸி (தொகுக்கும்போது மட்டும் பயன்படும், எளிதில் ஓடும் நகல்) உருவாக்கித் தொகுத்துவிடுங்கள். அடுத்த திருமணத்திற்கு முன் அவருடைய கேமராவையும் எச்எஸ் முறைக்கு மாற்றச் சொல்லுங்கள்.