முயல், எலி மண்டையோடுகள் கிடைக்குமா? கொழும்பு நண்பர்கள் உதவுங்கள்

வணக்கம். வெள்ளவத்தையில் உயர்தர உயிரியல் மாணவர்களுக்குத் தமிழில் வகுப்பெடுக்கிறேன். பாலூட்டிகளின் உறவுமுறைப் பாடத்துக்கு முயல், எலி மண்டையோடுகள் இரண்டு நாள் இரவலாகத் தேவை. படத்தைவிடக் கையில் எடுத்துப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

முயலின் மேல்தாடையில் பெரிய வெட்டும் பற்களுக்கு நேர் பின்னால், குச்சி போல இன்னொரு சோடி சின்னப் பற்கள் ஒளிந்திருக்கும். எலிக்கும் அணிலுக்கும் முள்ளம்பன்றிக்கும் அது இல்லை. எலியின் வெட்டும் பற்களில் மிளிரி (பல்லின் கடினமான வெளிப்பூச்சு) முன்பக்கம் மட்டும்தான். முயலுக்குச் சுற்றிவர உண்டு. ஒருகாலத்தில் முயலையும் கொறிக்கும் விலங்குகளோடுதான் சேர்த்திருந்தார்கள். 1912இல் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் கிட்லி முயலைத் தனி வரிசையாகப் பிரித்தார். பிரித்தாலும் இரண்டும் நெருங்கிய சொந்தம் என்றே மரபணு ஆய்வுகளும் சொல்கின்றன. அவற்றுக்கு அடுத்த உறவு குரங்குகளும் நாமும்! நம் வீடுகளில் ஓடும் மூஞ்சூறு பார்வைக்கு எலி மாதிரி இருந்தாலும் இந்தக் கூட்டத்திலேயே இல்லை. பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

அப்புறம் ஒரு சந்தேகம். தென்கிழக்காசிய மர மூஞ்சூறை (அணில் போன்ற சின்னப் பாலூட்டி, வீட்டு மூஞ்சூறு இல்லை) சில ஆய்வுகள் குரங்குகளின் பக்கமும், சில முயல், எலியின் பக்கமும் வைக்கின்றன. மாணவர்களுக்கு வரையும் உறவுமுறைக் கிளைப்படத்தில் அதை எங்கே போடுவது? விலங்கியல் படித்த அண்ணாமார், அக்காமார் யாராவது விளக்கினால் பெரிய உதவி.

மண்டையோடு வைத்திருப்பவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். தெகிவளை, பம்பலப்பிட்டி என்றால் நானே வந்து வாங்கிக்கொள்வேன்.